நெக்ரி உடலங்கள்: உயிரி, எச்சம், தொழிற்கூடம், துளி

வெறிநாய்க்கடி நோயால் இறந்த விலங்கின் மூளைத் திசுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், பெரிய நரம்பணுக்களுக்குள் உருண்டையாகவோ நீள்வட்டமாகவோ சில திட்டுகள் தென்படும். ஓர் உயிரணுவில் ஒன்றிருக்கலாம், பலவும் இருக்கலாம். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள இத்திட்டுகள் சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கே புலப்படுபவை. 1903ஆம் ஆண்டு இவை முதன்முதலில் விரிவாக விவரிக்கப்பட்டன. இன்று பார்த்தாலும் அதே இடத்தில், அதே தோற்றத்தில்தான் இருக்கின்றன. இடைப்பட்ட நூற்றிருபது ஆண்டுகளில் மாறியவை அவற்றைக் குறிக்க நாம் கையாண்ட சொற்களும், அச்சொற்கள் எழுப்பிய கேள்விகளும்.

நச்சுயிரிகள் தாம் புகுந்த உயிரணுவுக்குள் தமக்கெனத் தனி அறைகளை அமைத்துக்கொண்டு, அவற்றுக்குள்ளிருந்தே பெருகுகின்றன என்பது இன்றைய உயிரியலில் நிலைபெற்றுவிட்ட புரிதல். அந்தப் புரிதலுக்கு நாம் வந்து சேர்ந்த வழி நேரானதன்று. மொழியியல் பயின்ற எனக்கு இவ்வரலாற்றில் ஆர்வமூட்டுவது ஒன்றுதான்: ஒரு தவறான பெயரைக் களைந்தபோது, அதற்குள் பொதிந்திருந்த சரியான உள்ளுணர்வையும் சேர்த்தே அறிவியல் சில பத்தாண்டுகள் இழந்து நின்றது. அந்த இழப்பைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

பாவியா, 1903

இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தில் கமில்லோ கோல்ஜியின் ஆய்வகத்தில் பணியாற்றிய அடெல்கி நெக்ரி, 1903 மார்ச்சு மாதம் அந்நகரின் மருத்துவச் சங்கத்தில் தம் கண்டுபிடிப்பை அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 26. வெறிநோய் கண்ட நாய், பூனை, முயல் ஆகியவற்றின் நரம்பணுக்களில், குறிப்பாக ஹிப்போகேம்பஸ் பகுதியிலும் சிறுமூளையின் பர்க்கின்ஜி உயிரணுக்களிலும், வரம்பு தெளிவான திட்டுகளைக் கண்டதாகக் கூறினார். அவற்றுக்குள் இன்னும் சிறிய மணிகள் இருந்தன. அவற்றை நோயை உண்டாக்கும் ஒற்றையணு ஒட்டுண்ணி என்றும், தாம் காணும் வேறுபட்ட அளவுகள் அவ்வொட்டுண்ணியின் வளர்ச்சிப் பருவங்கள் என்றும் அவர் முடிவு செய்தார்.

இன்று அம்முடிவைப் பார்த்துப் புன்னகைப்பது எளிது. ஆனால் நெக்ரி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அதைவிட நியாயமான முடிவு வேறில்லை. அவருடைய ஆசிரியர் கோல்ஜி, மலேரியா ஒட்டுண்ணியின் பருவங்களையும் காய்ச்சல் ஏறி இறங்கும் சுழற்சியையும் இணைத்துக் காட்டியவர். உயிரணுவுக்குள் ஓர் உருவம் தெரிகிறது, அது வளர்கிறது, அதற்கு உள்ளமைப்பு உள்ளது என்றால், அது ஒட்டுண்ணி என்பதே அந்த ஆய்வகத்தின் பயிற்சி பெற்ற கண்ணுக்குப் புலப்படும் பொருள். முன்னுதாரணமும் இருந்தது. 1892இல் ஜூசெப்பே குவார்னியேரி, அம்மைப்பால் செலுத்திய முயலின் கருவிழி உயிரணுக்களில் இதுபோன்ற திட்டுகளைக் கண்டு, அவற்றை ஒற்றையணு உயிரி எனக் கருதி இலத்தீனப் பெயரும் சூட்டியிருந்தார். நெக்ரியின் திட்டுகளுக்கும் பின்னர் நியூரோரிக்டிஸ் என்ற பேரினப் பெயர் இடப்பட்டது. பேரினப் பெயர் இட்டுவிட்டால் ஒரு பொருள் உயிரினங்களின் பட்டியலில் குடியேறிவிடுகிறது. அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் அனைத்தும் உயிரினத்தைப் பற்றிய கேள்விகளாகவே அமையும்.

நெக்ரியின் பெயரால் வழங்கும் இவற்றைத் தமிழில் 'நெக்ரி உடலங்கள்' எனலாம். உடலம் என்னும் சொல் உயிருள்ள உடலையும் குறிக்கும், உயிர் நீங்கிய உடலையும் குறிக்கும். அடுத்த அரை நூற்றாண்டு விவாதம் முழுவதும் இவ்விரு பொருள்களுக்கிடையே நடந்ததுதான்.

அதே ஆண்டு, கான்ஸ்டான்டிநோபிள்

1903இலேயே கான்ஸ்டான்டிநோபிளில் பால் ரெம்லாஞ்சேயும் ரிஃபாத் பேயும் வேறொரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். வெறிநோய் கண்ட மூளையைக் கரைத்து, பாக்டீரியாக்களைத் தடுத்துவிடும் நுண்துளை வடிகட்டியில் செலுத்தினர். வடிந்த நீரிலும் நோய் உண்டாக்கும் ஆற்றல் இருந்தது. நோய்க்காரணி பாக்டீரியாவை விடவும் சிறியது என்பதே இதன் பொருள். அப்படியானால் நுண்ணோக்கியில் எளிதாகத் தெரியும் அளவுக்குப் பெரிய நெக்ரி உடலம் எவ்வாறு நோய்க்காரணியாக இருக்க முடியும்?

வேறு சான்றுகளும் நெக்ரிக்கு எதிராகச் சேர்ந்தன. மூளைத்தண்டுப் பகுதியில் நோயாற்றல் மிகுதி, ஆனால் அங்கு உடலங்கள் அரிது. பாஸ்டர் முயல்களின் வழியே பலமுறை கடத்தி உருவாக்கிய 'நிலைப்படுத்திய' நச்சுயிரி விரைவாகக் கொல்லும், ஆனால் அதனால் இறந்த விலங்குகளில் உடலங்கள் பெரும்பாலும் தென்படுவதில்லை. அம்மைப்பாலின் காரணியும் வடிகட்டியைக் கடக்கும் என்பதைச் சில ஆண்டுகளில் நிறுவியவர்களுள் நெக்ரியே ஒருவர் என்பது இவ்வரலாற்றின் சுவையான திருப்பம். ஆயினும் வெறிநோய் உடலங்கள் ஒட்டுண்ணிகளே என்ற கருத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒட்டுண்ணியின் மிகச் சிறிய பருவங்கள் வடிகட்டியைக் கடந்திருக்கலாம் என்று வாதிட அன்று இடமிருந்தது. 1912இல் காசநோயால் அவர் இறந்தபோது வயது 35.

கோட்பாடு தோற்றது, அடையாளம் வென்றது

நெக்ரியின் விளக்கம் ஐயத்துக்குள்ளான அதே ஆண்டுகளில் அவருடைய கண்டுபிடிப்பு உலகெங்கும் பரவியது. ஒருவரைக் கடித்த நாய்க்கு வெறிநோய் இருந்ததா என்பதை அறிய, அதுவரை அதன் மூளைச் சாற்றை முயலுக்குச் செலுத்தி, அது நோயுறுகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கடிபட்டவருக்கு அவ்வளவு காலம் இல்லை. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை ஆய்வகத்தில் பணியாற்றிய அன்னா வெஸ்ஸல்ஸ் வில்லியம்ஸ், நெக்ரி அறிவித்த காலத்திலேயே தனியாக இவ்வுடலங்களைக் கவனித்தவர். ஆனால் முதலில் வெளியிட்டவர் நெக்ரி. திசுவைப் பதப்படுத்திச் சீவல்களாக வெட்டும் நீண்ட முறைக்குப் பதிலாக, மூளைத் திசுவைக் கண்ணாடிச் சில்லில் நேரடியாகத் தேய்த்துச் சாயமேற்றும் முறையை வில்லியம்ஸ் உருவாக்கினார். காத்திருப்பு வாரங்களிலிருந்து நிமிடங்களாகச் சுருங்கியது.

இந்தியாவில் 1900இல் கசௌலியிலும் 1907இல் குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் தோன்றின. கடிபட்டோர் தொலைவிலிருந்து இரயிலில் அங்கு வந்து சேர்ந்தனர். அக்காலத் தடுப்பூசி நாள்தோறும் பலமுறை செலுத்தப்பட வேண்டியது. நரம்புத் திசுவிலிருந்து செய்யப்பட்டதால் சிலருக்கு வாதம் போன்ற கடும் பக்கவிளைவுகளையும் தந்தது. ஆகவே கடித்த விலங்கின் மூளையில் உடலங்கள் உள்ளனவா இல்லையா என்ற கேள்விக்குக் கிடைத்த விடை, ஒரு மனிதரின் அடுத்த சில வாரங்களைத் தீர்மானித்தது. உடலங்கள் இருந்தால் வெறிநோய் உறுதி. இல்லாவிட்டால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நோயுற்ற விலங்குகளில் ஒரு கணிசமான பகுதி உடலங்களைக் காட்டுவதில்லை. அந்த இடைவெளியில் பல உயிர்கள் ஊசலாடின. 1958இல் கோல்ட்வாசரும் கிஸ்லிங்கும் ஒளிரும் எதிர்ப்பொருள் கொண்டு நச்சுயிரியின் புரதத்தையே நேரடியாகக் காட்டும் சோதனையை உருவாக்கிய பின்னரே அந்த இடைவெளி பெருமளவு அடைபட்டது.

இந்த அரை நூற்றாண்டில் நெக்ரி உடலம் ஓர் அடையாளக்குறியாக மட்டுமே பயன்பட்டது. புகையைக் கண்டு நெருப்பை அறிவதற்குப் புகை எதனால் ஆனது என்று அறிய வேண்டியதில்லை. அதுபோலவே, உடலத்தைக் கண்டு நோயை அறிந்தவர்கள் அது அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்கத் தேவை எழவில்லை.

ஒரு நடுநிலைச் சொல்லின் விலை

ஒட்டுண்ணி என்னும் கருத்து கைவிடப்பட்டபோது அதன் இடத்தை நிரப்பிய சொல் 'உள்ளடங்கு உடலம்'. அம்மை, வெறிநோய், மணல்வாரி, ஹெர்பிஸ் எனப் பல நோய்களில் உயிரணுவுக்குள் தென்பட்ட திட்டுகள் அனைத்தையும் இப்பெயர் ஒன்றாகத் தொகுத்தது. எக்கோட்பாட்டையும் சாராத, எச்சரிக்கையான பெயர். அதுவே அதன் வலிமை, குறையும் அதுவே. 'உள்ளடங்கியது' என்பது ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அதற்கு வினை இல்லை. செயப்பாட்டுத் தன்மையுள்ள அச்சொல்லைக் கேட்டவுடன் அது என்ன செய்கிறது என்ற கேள்வி இயல்பாக எழுவதில்லை. பலர் அவற்றைத் தாக்குண்ட உயிரணுவின் எதிர்வினை என்றும், சிதைவின் எச்சம் என்றும், தேங்கிப்போன உபரிப் புரதம் என்றும் கருதினர்.

நெக்ரி கூறியதில் 'இது உயிரினம்' என்ற பகுதி தவறு. 'இது வளர்கிறது, இதற்கு உள்ளொழுங்கு உண்டு, நோயின் பெருக்கம் இங்குதான் நிகழ்கிறது' என்ற பகுதி சரி. முன்னதை மறுத்தவர்கள் பின்னதையும் சேர்த்து ஒதுக்கினர். ஒட்டுண்ணி என்னும் உரத்த தவறைக் காட்டிலும் எச்சம் என்னும் அடங்கிய தவறு நீண்ட நாள் நிலைத்தது.

தொழிற்கூடம் என்னும் உருவகம்

திருப்பம் அம்மை நச்சுயிரியின் வழியாக வந்தது. பெரும்பாலான டிஎன்ஏ நச்சுயிரிகள் உயிரணுவின் கருவுக்குள் பெருகுபவை. அம்மைக் குடும்பம் விதிவிலக்கு. அது கருவுக்கு வெளியே உள்ள உயிரணுக்கூழிலேயே பெருகுகிறது. 1960இல் ஜான் கெய்ர்ன்ஸ், கதிரியக்கக் குறியிட்ட தைமிடினை உயிரணுக்களுக்கு அளித்து, புதிய டிஎன்ஏ எங்கே உருவாகிறது என்பதை ஒளிப்படத் தகட்டில் பதியவைத்தார். அது உயிரணுக்கூழ் முழுவதும் பரவலாக உருவாகவில்லை. தனித்தனிப் புள்ளிகளில் குவிந்திருந்தது. உட்புகுந்த நச்சுயிரித் துகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மையத்தைத் தொடங்குவதையும் அவர் காட்டினார். 'நச்சுயிரித் தொழிற்கூடம்' என்னும் உருவகம் இக்காலத்தில்தான் வேர்பிடித்தது. குவார்னியேரி 1892இல் ஒட்டுண்ணி என்று நினைத்தது இந்தத் தொழிற்கூடத்தைத்தான் என்பதும் தெளிவாயிற்று.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி இதை மேலும் விரித்தது. போலியோ நச்சுயிரி புகுந்த உயிரணுவில் சவ்வுகள் உருமாறி எண்ணற்ற சிறு பைகளாகத் திரள்வதும், நச்சுயிரியின் ஆர்என்ஏ அச்சவ்வுகளின் மேல் படியெடுக்கப்படுவதும் 1960-70களில் அறியப்பட்டன. பூச்சிகளைத் தாக்கும் ஃப்ளாக் ஹவுஸ் நச்சுயிரி மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வை உள்நோக்கி அழுத்திக் குறுகிய கழுத்துடைய குடுவைகளை உருவாக்குகிறது. கொரோனா நச்சுயிரிகள் எண்டோபிளாச வலையின் சவ்வை மடித்து இரட்டைச் சுவர்ப் பைகள் ஆக்கி, அவற்றுக்குள் படியெடுக்கின்றன. முழுவதும் மூடிய பையிலிருந்து ஆர்என்ஏ எப்படி வெளியேறுகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2020இல் லெய்டன் ஆய்வாளர்கள் அவ்விரு சுவர்களையும் ஊடுருவி நிற்கும் ஆறுமடிச் சமச்சீருடைய நுண்வாயிலைக் கண்டறிந்தனர்.

இவ்வறைகள் எதற்கு? முதலாவது, செறிவு. உயிரணுவின் அளவோடு ஒப்பிட நச்சுயிரியின் மூலக்கூறுகள் மிகச் சில. பரந்த வெளியில் அவை ஒன்றையொன்று சந்திப்பது அரிது. ஓரிடத்தில் கூடினால் வேலை நடக்கும். இரண்டாவது, மறைவு. அயல் ஆர்என்ஏவை மோப்பம் பிடிக்கும் காவல் புரதங்கள் உயிரணுக்கூழில் உலவுகின்றன. அவற்றின் கண்ணில் படாமல் படியெடுக்க மறைவிடம் வேண்டும். மூன்றாவது, ஒழுங்கு. படியெடுத்தல், புரதம் ஆக்குதல், பொதிதல் ஆகியவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் நடக்க இடப் பிரிவு தேவை. எந்த உயிரணுவும் தன் வேலைகளை நுண்ணுறுப்புகளாகப் பிரித்துக்கொள்வது இதே காரணங்களுக்காகத்தான்.

சுவரில்லாத அறை

வெறிநோய் நச்சுயிரிக்கு மீள்வோம். நெக்ரி உடலத்தின் புதிர், அதைச் சுற்றிச் சவ்வு ஏதும் இல்லை என்பது. சுவரில்லாத ஒன்று அறையாக இருக்க முடியுமா? 2009இல் பிரான்சில் தனியெல் ப்ளோந்தெல் குழுவினர், வெறிநோய் நச்சுயிரியின் ஆர்என்ஏ படியெடுக்கப்படுவதும் இரட்டிப்பதும் நெக்ரி உடலங்களுக்குள்தான் என்பதைக் காட்டினர். பாவியாவின் அறிவிப்புக்கும் இதற்கும் இடையே 106 ஆண்டுகள்.

அதே 2009இல், வெறிநோய்க்குத் தொடர்பே இல்லாத வேறொரு துறையில், புழுக்களின் கருவணுக்களில் உள்ள பி-மணிகள் என்னும் திட்டுகள் திரவத் துளிகளைப் போல் நடந்துகொள்வதை ட்ரெஸ்டனில் க்ளிஃபோர்டு ப்ராங்வினும் ஆண்டனி ஹைமனும் குழுவினரும் கண்டறிந்தனர். நீரில் எண்ணெய் தானே பிரிந்து துளியாகத் திரள்வதைப் போல, உயிரணுவுக்குள் சில புரதங்களும் ஆர்என்ஏவும் சவ்வின்றியே பிரிந்து திரளும். 'திரவ நுண்ணுறுப்பு' என்ற கருத்து இவ்வாறு உருவானது. இக்கருத்து கிடைத்தபின் நெக்ரி உடலத்திடம் புதிய கேள்வியைக் கேட்க முடிந்தது.

2017இல் ப்ளோந்தெல், ஈவ் கோதேன் ஆகியோரின் குழு அக்கேள்விக்கு விடை கண்டது. உயிருள்ள உயிரணுவில் பார்த்தபோது நெக்ரி உடலங்கள் உருண்டையாக இருந்தன. இரண்டு தொட்டால் கலந்து மீண்டும் ஒரே உருண்டையாயின. தடையில் அழுந்தினால் நெளிந்து, விடுபட்டதும் பழைய வடிவுக்கு மீண்டன. உயிரணுவைச் சூழ்ந்த கரைசலைத் திடீரென நீர்க்கச் செய்தால் கரைந்து மறைந்து, பின்னர் மறுபடி தோன்றின. ஒளிரும் புரதத்தின் ஒரு பகுதியை லேசரால் மங்கச் செய்தால், சுற்றிலுமிருந்து புதிய மூலக்கூறுகள் வந்து விரைவில் அவ்விடத்தை நிரப்பின. நச்சுயிரியின் என், பி என்னும் இரு புரதங்கள் மட்டும் இருந்தாலே இத்தகைய துளிகள் உருவாயின. புதிதாகப் படியெடுத்த மரபுப் பொருள் துளியிலிருந்து வெளியேறி, உயிரணுவின் நுண்குழல்கள் வழியே பயணப்பட்டது.

நெக்ரி கண்ட வேறுபட்ட அளவுகளுக்கும் இப்போது பொருள் கிடைத்தது. அவை ஓர் ஒட்டுண்ணியின் பருவங்கள் என்றார் அவர். துளிகள் சேர்ந்து பெருகும் வளர்ச்சியின் கட்டங்கள் என்கிறோம் நாம். அவர் கண்டது உண்மை. அதைச் சொல்லும் சொல் அப்போது எந்த மொழியிலும் இல்லை.

இதனால் என்ன பயன்?

துளி என்ற புரிதல் மருத்துவத்துக்கும் ஒரு வழியைக் காட்டுகிறது. தொழிற்கூடம் திரவமாக இருப்பதால்தான் இயங்குகிறது என்றால், அதை இறுகச் செய்தால் இயக்கம் நிற்க வேண்டும். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி நச்சுயிரியும் வெறிநோய் நச்சுயிரியைப் போலவே எதிர்மறை ஆர்என்ஏ வகையைச் சேர்ந்தது. அதுவும் துளிகளில் பெருகுவது. சைக்ளோபமைன் என்னும் தாவர வேதிப்பொருளும் அதை ஒத்த இன்னொரு சேர்மமும் அத்துளிகளை இறுகச் செய்து, எலிகளின் நுரையீரலில் நச்சுயிரியின் பெருக்கத்தைத் தடுத்ததாக 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. மனிதருக்கான மருந்தாக இது மாறுவதற்குத் தொலைவு மிக அதிகம். ஆனால் நச்சுயிரியின் புரதத்தைத் தாக்குவது போலவே அது வேலை செய்யும் இடத்தின் தன்மையையும் தாக்க முடியும் என்பது நிறுவப்பட்டுவிட்டது. 'எச்சம்' என்று பெயரிட்ட ஒன்றைத் தாக்க யாரும் மருந்து தேடமாட்டார்கள்.

வெறிநோய் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேரைக் கொல்கிறது என்பது மதிப்பீடு. அவர்களுள் பெரும்பங்கினர் ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் சேர்ந்தோர். கடிபட்டவுடன் புண்ணைச் சோப்பு நீரால் கழுவித் தடுப்பூசி போட்டுக்கொண்டால் தவிர்க்கக்கூடியது. அறிகுறிகள் தோன்றிய பின் மரணம் ஏறக்குறைய உறுதி. அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மருந்து இன்றும் இல்லை. நரம்பணுவுக்குள் நடப்பதை நாம் எந்தச் சொல்லால் நினைக்கிறோம் என்பது, ஆகவே, வெறும் கலைச்சொல் விவாதமாக நின்றுவிடுவதில்லை.

தமிழில் இத்துறையை எழுத முனைவோருக்கு ஒரு கருத்தை முன்வைத்து முடிக்கிறேன். நம் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லின் வேரைப் பெயர்ப்பதாக உள்ளது. அதனால் அச்சொல் சுமந்துவந்த பழைய கோட்பாட்டையும் அறியாமலே இறக்குமதி செய்துவிடுகிறோம். 'உள்ளடங்கு உடலம்' என்று மாணவருக்குக் கற்பித்தால், 1930களின் தயக்கத்தையே கற்பிக்கிறோம். 'பெருக்க அறை', 'பெருக்கத் துளி' என்பன போன்ற சொற்கள் செயலைச் சொல்கின்றன. இவற்றைவிடப் பொருத்தமான சொற்கள் இருக்கக்கூடும். உயிரியலிலும் மருத்துவத்திலும் பணியாற்றும் நண்பர்கள், தாங்கள் வகுப்பறையில் உண்மையில் கையாளும் சொல் எது என்பதைப் பின்னூட்டத்தில் தெரிவித்தால், ஒரு சிறு சொற்பட்டியலாகத் தொகுத்துப் பகிர்வேன்.